தொட்டிக்குள் ஒரு சுத்தமான அறை

பிரேசர் டவுனில் பிக்கப் வண்டி வைத்திருப்பவனை யாரும் சும்மா விடுவதில்லை. ‘‘வீடு மாத்தணும் சார், ஒரு டிரிப் அடிக்க முடியுமா?’’ என்பார் ஒருவர். ‘‘என்ன லோடு எடுக்கறீங்க?’’ என்று இன்னொருவர். ரம்ஜான் மாதத்தில் மாஸ்க் ரோட்டில் ஹலீமும் கபாபும் விற்கக் கடை விரிப்பவர்கள், டெண்ட் கம்பிகளை ஏற்றிவர உரிமையோடு கேட்பார்கள். கோல்ஸ் பார்க்கில் காலை நடை வரும் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் மட்டும், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரை ஷூவால் லேசாக உதைத்துவிட்டு, ‘‘நல்ல வண்டி. எதற்கு?’’ என்றார்.

சரியான கேள்வி. 5.3 மீட்டர் நீளமுள்ள வண்டி இது. எங்கள் பேட்டையோ 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலான பழைய தண்டுப் பகுதியிலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவருவதற்காகப் போடப்பட்டது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்த ஸ்டுவர்ட் ஃப்ரேசரின் பெயர் வைத்தார்கள். இப்போது அரசுப் பெயர் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். தெருக்கள் அந்தக் காலத்துக்கு அகலம்தான். குதிரை வண்டிக்குத் தாராளம். இருபுறமும் கார்கள் நிற்கும் இன்றைய தெருவில் என் வண்டியைத் திருப்புவது தேரைத் திருப்புகிற வேலை. முட்டுக்கட்டை போடத்தான் ஆள் இல்லை.

என் அப்பா ராணுவ ஒர்க்‌ஷாப் ஒன்றில் சிவிலியன் மெக்கானிக். அல்சூர் ஏரிப்பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் சிப்பாய்களை எல்லோரும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தம்பிகள் ஓட்டிவந்த ஜோங்கா வண்டியில்தான் முதன்முதலில் நான்கு சக்கரமும் இழுக்கும் சுகத்தை அறிந்தேன். ஜோங்கா என்பது ஏதோ ஆப்பிரிக்கப் பெயர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் வரும் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் என்று அப்பா சொன்னார். நிஸான் கம்பெனியின் வடிவமைப்பு. 1999-ல் தயாரிப்பு நின்றது. பெட்ரோல் குடிப்பதில் அதற்கு ஈடு கிடையாது. ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்களை ஏலத்தில் எடுத்து, டீசல் எஞ்சின் மாட்டி, காப்பித் தோட்டத்துக்கு ஓட்டியவர்கள் பெங்களூரில் நிறையப் பேர்.

இது ஒரு பழைய ஆசை என்று சொல்லவே இத்தனையும். ஆனால் ஆசைக்காக வண்டி வாங்கவில்லை.

நம் நாட்டில் பிக்கப் என்றால் தக்காளிக் கூடை, கோழிக் கூண்டு, சிமெண்ட். 1988-ல் டாடாமொபைல் வந்தபோதும் அப்படித்தான், பிறகு வந்த பொலேரோ கேம்பர் காலத்திலும் அப்படித்தான். ‘கேம்பர்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, அதில் கூடாரம் அடிக்கப் போனவரை நான் பார்த்ததில்லை, கேபிள் டி.வி.க்காரர்களும் கட்டட மேஸ்திரிகளும்தான் போனார்கள். ஆஸ்திரேலியாவில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு எழுதினாராம். 1934-ல் அங்கே ‘யூட்’ பிறந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின் முதுகில் சின்ன வீட்டைப் பொருத்திக்கொண்டு, நாயோடு நாட்டைச் சுற்றினார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் ரோஸினான்ட்டே, டான் கிஹோட்டேயின் கிழக் குதிரை.

இங்கே அந்த மாதிரி எண்ணம் பரவலாக முளைத்தது 2016-ல்தான். சென்னைக்கு வடக்கே, தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இசுஸு தன் தொழிற்சாலையைத் திறந்து, டி-மேக்ஸ் வி-கிராஸை விட்டது. ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி, ஒரு குமிழைத் திருப்பினால் நான்கு சக்கர இழுவை. அறிமுக விலை 12.49 லட்சம். 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் வந்து சேர்ந்தது. நான் 2018-ல் வாங்கியது இரண்டு வருடம் ஓடிய வி-கிராஸ். விற்றவர் இளைஞர், ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. லடாக் போவதற்காக வாங்கி, நந்தி மலைக்கு மேல் எங்கும் போகவில்லை.

கர்னலுக்கு அன்று நான் சொல்லாத பதில் இதுதான். 2017-ல் என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திக்கொண்டன. சர்க்கரை நோயின் இருபது வருட வேலை. மாற்றுச் சிறுநீரகம் அவள் இதயத்துக்குத் தாங்காது என்றார்கள். மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மெஷினோடு படுப்பது. இன்னொன்று சி.ஏ.பி.டி. வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியே 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தை உள்ளே விட வேண்டும். நான்கைந்து மணி நேரம் அது வயிற்றறையில் கிடந்து, ரத்தத்தில் உள்ள கழிவையும் மிகுந்த நீரையும் உள்ளுறைச் சவ்வின் வழியாக இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டு, புதுசு. தினம் நான்கு முறை. மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். புவியீர்ப்பு விசை போதும்.

என் மனைவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் டாக்டரையே சிரிக்க வைத்தது. ‘‘மூணு நாளைக்கு ஒரு தடவை உங்க மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல இல்லியா?’’

சி.ஏ.பி.டி. நோயாளி பயணம் போகலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நிஜம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு பை, 8 லிட்டர், 8 கிலோவுக்கு மேல். பத்து நாளைக்கு 80 கிலோவைத் தாண்டும். அதோடு முகமூடி, கை கழுவும் மருந்து, குழாய் மூடிகள். இதைத் தூக்கிக்கொண்டு எந்த ரயிலில் ஏறுவது? ஏறினாலும், பகல் 12 மணிப் பையை எங்கே மாற்றுவது? மாற்றும் இடத்தில் தூசி பறக்கக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது, கதவு ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். குழாயின் நுனியில் ஒரு விரல் பட்டால் போதும், கிருமி வயிற்றுக்குள் போய்விடும். நம் ஊர் லாட்ஜ் அறைகளைப் பற்றியும் ரயில்வே ஓய்வறைகளைப் பற்றியும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுத்தமான அறையை நாமே சுமந்து போவது ஒன்றுதான் வழி. அப்படித்தான் பிக்கப் வந்தது.

வேலையைச் செய்து தந்தவர் மாஸ்க் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் பாய். தமிழ், தக்கினி உருது, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். அவரிடம் வருகிற பையன்கள் கேட்பதெல்லாம் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்து, அகல டயர் போடு, கூரையில் விளக்கு வரிசை வை, மூக்கு மாதிரி ஒரு புகைக் குழல் வை. காவிரியைக் கடக்கப் போகிறவர்கள் மாதிரி தயாராகி, எம்.ஜி. ரோட்டில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போவார்கள். பணம் கொடுத்தால் செய்து தருகிறார். ஆனால் என் கதையைக் கேட்ட பிறகு ஒரு வாரம் ஒன்றுமே செய்யவில்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து, ‘‘அக்கா, நீங்க பை மாத்தறத ஒரு தடவை நான் பாக்கலாமா?’’ என்று கேட்டார். முகமூடி கட்டிக்கொண்டு, மூலையில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையில் டேப்.

பிரச்சினை உயரத்தில் இருந்தது. புதுப் பை தலைக்கு மேலே தொங்க வேண்டும். வடிகிற பை வயிற்றுக்குக் கீழே கிடக்க வேண்டும். தொட்டிக்கு மேல் கடையில் கிடைக்கும் ஃபைபர் மூடியைப் பொருத்தினால், தரையிலிருந்து கூரை மூன்றேகால் அடி. அதற்குள் ஒரு மனுஷி உட்கார்ந்து, அவளுக்கு மேலேயும் கீழேயும் பை. பாய் ஒரு அடி உயரத்தில் பலகை மேடை செய்தார். அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் என் மனைவியின் தலை கூரையில் இடித்தது. ஐந்தடி கூட இல்லாதவள். ‘‘வாழ்க்கையிலேயே முதல் தடவையா தலை இடிக்குது’’ என்று சந்தோஷப்பட்டாள். சாய்மானம் வைத்த பிறகு சரியாயிற்று. சாய்ந்த நிலையில் வடிய கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், வீட்டில் இருபது நிமிஷம் என்றால் வண்டியில் இருபத்தைந்து. கூரையில் ஒரு எஃகுக் கொக்கி. உட்புறம் முழுக்கத் துடைக்கக்கூடிய வெள்ளைத் தகடு. ஜன்னல் விளிம்புகளில் ரப்பர். ஜே.சி. ரோட்டில் வாங்கிய இரண்டாவது பேட்டரியில் ஒரு விளக்கும், பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு வெப்பத் திண்டும். பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. ஈரம் வழியாகக் கிருமி வரும்.

தொட்டியின் தகரம் வெயிலில் தோசைக்கல். மருந்துப் பைகள் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே எங்கள் வண்டியில் ஏ.சி. வாங்குவது பைகள், பின்சீட் முழுக்க அவற்றுக்கே. எங்கள் துணிமணி, அடுப்பு, பாத்திரம், கூடாரம் எல்லாம் மேடைக்கு அடியில் இழுப்பறையில். பகல் 12 மணிக்கு மரநிழல் தேடி நிறுத்தி, சாத்தி, ஈரத்துணியால் துடைத்து, அரை மணி காத்திருந்த பிறகுதான் அவள் ஏறுவாள்.

ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிப் போடச் சொன்னேன், பாய் மறுத்துவிட்டார். காலி பிக்கப் குதிக்கும்; பட்டையைக் கூட்டினால் இன்னும் குதிக்கும். ‘‘வயித்துல ரெண்டு லிட்டர் தண்ணியோட உக்காந்திருக்காங்க சார்’’ என்றார். டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னதோடு சரி. ஓசூர் ரோட்டில் வண்டியை எடை மேடையில் ஏற்றி, ரசீது வாங்கி, பதிவுப் புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கூடாரத்தையும் இரண்டு நாற்காலிகளையும் இறக்கிவிட்டோம். பிக்கப் என்றால் எதையும் ஏற்றலாம் என்பது பொது நம்பிக்கை. மூடி, மேடை, பேட்டரி, 60 லிட்டர் தண்ணீர் என்று எழுதிக் கூட்டினால் தெரியும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாகச் சொன்னது. முன்பக்கம் கட்டும் இரும்பு முட்டுச் சட்டங்களை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்திருந்தது. மோதினால் நடப்பவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. இதில் எனக்கு அரசோடு சண்டை இல்லை. ஆனால் மூடியும் மேடையும் எந்தக் கணக்கில் வரும் என்று விசாரித்தபோது, ஒரு அதிகாரி ‘‘அது சும்மா சாமான் மாதிரி’’ என்றார், இன்னொருவர் ‘‘எழுதி வாங்குங்கள்’’ என்றார். எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. 2019-ல் திருத்திய சட்டத்தில், உடற்குறை உள்ளவருக்காக மாற்றியமைத்த வாகனம் என்று ஒரு தனி வகை இருக்கிறது. கை கால் வராதவர் ஓட்டும் வண்டி என்றே எல்லோரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். சிறுநீரகம் வராதவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் வழி சொன்னது பாய்தான். எதையும் வெல்டிங் செய்யவில்லை, துளை போடவில்லை. கம்பெனியே தொட்டியில் வைத்திருக்கும் கட்டு வளையங்களில் போல்ட் முடுக்கியிருக்கிறார். இருபது நிமிஷத்தில் எல்லாம் கழன்று வெறும் தொட்டியாகிவிடும். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் உட்காருவதும் இல்லை.

முதல் பெரிய பயணம் 2019 பொங்கலுக்குப் பிறகு, தனுஷ்கோடிக்கு. அவள் பாட்டி சின்ன வயசில் போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனவர். 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊரும் ரயிலும் போயின. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-ல்தான் திறந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்தான். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஒரே நாளில் போகிறவர்கள் உண்டு. எங்களுக்கு மூன்று நாள், பன்னிரண்டு பைகள். நாமக்கல் தாண்டி ஒரு புளிய மரத்தடியிலும், மானாமதுரைக்கு முன்னால் ஒரு கோயில் தோப்பிலும் பகல் பைகள் மாறின. தோப்பில் ஆடு மேய்த்த கிழவி ஒருத்தி, சாத்திய வண்டியைச் சந்தேகமாகப் பார்த்து, ‘‘உள்ளாற யாரு தம்பி?’’ என்றாள். சொன்னேன். அரை மணி நேரமும் ஆடுகளை அந்தப் பக்கம் வரவிடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாள். புழுதி எழக் கூடாது என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள்.

முனையில் இரவு தங்க முடியாது, இருட்டுவதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். காற்றில் மணல் வேறு. ஆகவே மாலைப் பையை ராமேஸ்வரம் வந்து மாற்றுவதாக ஏற்பாடு. அவள் இடிந்த சர்ச்சையும் ரயில் நிலையத்தையும் பார்த்தாள், பேசவில்லை. வண்டியில் ஏறிய பிறகு, ‘‘பாட்டி சொன்னதுல பாதி பொய்’’ என்றாள். எந்தப் பாதி என்று கேட்டும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தரங்கம்பாடி போனபோது தேர்தல் நேரம். தமிழ்நாட்டு எல்லைக்குள் பறக்கும் படை மறித்தது. பின்சீட் முழுக்கப் பெட்டிகள். பெட்டிக்குள் நிறமற்ற திரவம், இரண்டு இரண்டு லிட்டராக. அந்தக் காவலர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தை விவரிக்க முடியாது. ஒரு பையை எடுத்து மோந்து பார்த்தார். மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலம் தெரிந்த அதிகாரிக்குக் காத்திருந்தோம். அதற்குள் மணி 12 ஆகிவிட, என் மனைவி சேலையை ஓரமாக ஒதுக்கி வயிற்றுக் குழாயின் நுனியைக் காட்டினாள். அவர் பையை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்துவிட்டு, சாலையோரத்தில் நிழலான இடம் பார்த்துக் கொடுத்தார். இப்போது தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் கடிதம் வைத்திருக்கிறேன். தேர்தல் காலத்தில் இந்த மருந்தோடு பயணம் போகிறவர்கள் கவனிக்க.

காட்டுச் சாலைகளை நாங்கள் தொட்டதில்லை. பந்திப்பூர் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போக 2009-லிருந்தே தடை. பகலிலும், வண்டி பெரிதாக இருப்பதாலேயே காட்டோரத்தில் நிறுத்தி அடுப்பு மூட்டலாம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். யானைக்கு நம் வண்டியின் குதிரைச் சக்தி தெரியாது. நாங்கள் தங்கியதெல்லாம் தெரிந்தவர் தோட்டம், கோயில் தோப்பு, அனுமதி கேட்ட பள்ளிக்கூட மைதானம். வடித்த திரவத்தை ஒரு மூடிபோட்ட கேனில் சேர்த்து, கழிப்பறை கிடைக்குமிடத்தில் ஊற்றுவோம். காலிப் பைகள் எல்லாம் பெங்களூருக்குத் திரும்பி வரும். ஒரு பை கூட வழியில் போட்டதில்லை.

2020 ஊரடங்கில் மெஷின் டயாலிசிஸ் நோயாளிகள் ஆஸ்பத்திரி போக ஆட்டோ இல்லாமல் தவித்தபோது, இவள் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்தாள். வண்டி நின்றது. அவள் நின்றுவிடவில்லை, ஒரு நாள் மாலைப் பையை வாசலில் நின்ற வண்டிக்குள் போய் மாற்றிக்கொண்டாள். கேட்டால், ‘‘தஞ்சாவூர் வந்திருக்கேன்’’ என்றாள்.

2022 கடைசியில் ஒரு காலை வடிந்த நீர் மங்கலாக இருந்தது. வயிற்றறையில் கிருமி. வேடிக்கை, அது வந்தது வீட்டில். நான்கு வருடம், எத்தனையோ புளிய மரம், தொட்டிக்குள் ஒரு தடவை கூட வரவில்லை. மருந்தில் அடங்கியது, மறுபடி வந்தது, மூன்றாம் முறை வந்தபோது குழாயை எடுத்துவிட்டார்கள். 2023-லிருந்து செவ்வாய், வியாழன், சனி மெஷின். டாக்டரின் மூஞ்சியை வாரம் மூன்று தடவை பார்க்கிறாள்.

அதோடு எங்கள் தேசப்படம் சுருங்கிவிட்டது. சனிக்கிழமை காலை 11 மணிக்கு மெஷினிலிருந்து இறக்குவார்கள். செவ்வாய் காலை 6 மணிக்கு மறுபடி போய் நிற்க வேண்டும். இடையில் இருப்பது மூன்று இரவுகள். வாரத்திலேயே அந்த நீண்ட இடைவெளிதான் ஆபத்தானது என்கிறார்கள். நீரும் பொட்டாசியமும் உடம்பில் சேரும். திங்கள் மாலைக்குள் வீடு திரும்பிவிடுவதாக நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். பிரேசர் டவுனை மையமாக வைத்து 250 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஏற்காடு உள்ளே வருகிறது, ஏலகிரி வருகிறது, வேலூர் வருகிறது. கொல்லிமலையும் அதன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் வட்டத்தின் விளிம்பில். தனுஷ்கோடி இல்லை. சி.ஏ.பி.டி. காலத்தில் இஷ்டத்துக்குச் சாப்பிட்ட சிறுமலைப் பழமும் இப்போது கூடாது, இளநீர் கூடவே கூடாது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் இளநீர்க்கடையைப் பார்க்காமல் கண்ணை எங்கே வைப்பது?

மகன் வண்டியை விற்கச் சொல்கிறான். அவன் கணக்கு சரியானது: டீசல், இன்ஷூரன்ஸ், 2031-ல் பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய செலவு. வாங்க ஆளும் இருக்கிறது, லடாக் போகிற பையன் ஒருவன். பாய் போன மாதம் மேடையைக் கழற்றவா என்று கேட்டுக்கொண்டு வந்தார். மேடையில் மெத்தை போட்டால் இருவர் படுக்கலாம் என்று சொல்லி அவள் தடுத்துவிட்டாள். கொக்கியையாவது எடுக்கவா என்றார். அதில்தான் இப்போது கொசுவலை கட்டுகிறோம்.

வரும் சனிக்கிழமை ஏலகிரி. பதினான்கு வளைவுகள், மேலே தெரிந்தவர் ஒருவரின் தோட்டம், பக்கத்திலேயே கழிப்பறை. புளிசாதம் உப்புக் குறைத்து, நான் கிளறுகிறேன். தண்ணீர் 20 லிட்டர் பிடித்தால் போதும் என்று நேற்று கணக்குச் சொன்னாள். அதில் அவள் குடிப்பதற்கு இரண்டே லிட்டர், தனி பாட்டிலில், கோடு போட்டு.